புதன்கிழமை வகுப்பும் மன்னார் வானும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நான் மறைத்ததில்லை. மறைத்தும் பலனில்லை, என்னோடு வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். சண்டை முடிந்து சில வருடங்கள் கழிந்திருந்த அந்தக் காலத்தில் புத்தளத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், இருதய நோயாளர் பிரிவில் தாதியாக இருந்தேன். அப்போது என் கோபத்துக்கு நன்றாகத் தீனி போட்டது ஒரு கடதாசித் துண்டு.

மாரடைப்பு வந்து, உயிர் தப்பி, கொழும்புக்குப் போய் இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு எங்களிடம் திரும்பும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பும்போது, மருந்துச் சிட்டையோடு இந்தத் துண்டையும் நான் எழுதிக் கொடுக்க வேண்டும். புதன்கிழமை காலையில் இருதயப் பயிற்சி வகுப்புக்கு வரச் சொல்லும் துண்டு. மெல்ல நடக்கிறது, கை கால் அசைக்கிறது, படி ஏறிப் பழகுகிறது, என்ன சாப்பிடலாம் என்ன கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறது, இவ்வளவும்தான் வகுப்பு. நடக்க முன்னும் நடந்த பின்னும் நாடியும் பிரஷரும் பார்ப்போம். டொக்டர் பக்கத்திலேயே நிற்பார். துண்டைக் கொடுக்கும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். "ஓம் மிஸ்ஸி, கட்டாயம் வாறம்" என்பார்கள். புதன்கிழமை வந்தால் வகுப்பு காற்று வாங்கும்.

வகுப்புக்கென்று எங்களுக்குக் கிடைத்தது ஒரு பழைய சாமான் அறையும் அதற்கு முன்னால் நீளமான ஒரு விறாந்தையும். பக்கத்து உப்புநீர்க் களப்பின் காற்று நேரே உள்ளே வரும். யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்த பயிற்சிச் சைக்கிள் ஒன்று இருந்தது, மிதித்தால் வார்ட்டு வரைக்கும் கிரீச்சிடும். கையில் தூக்கும் எடைகள் வாங்க வழியில்லாமல் வெறும் தண்ணீர்ப் போத்தல்களில் உப்பை நிரப்பி மூடி வைத்தோம். புத்தளத்தில் வேறு எது கிடைக்காவிட்டாலும் உப்புக் கிடைக்கும். பின்னாளில் ஒருவர் அந்தப் போத்தலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "வாயில வைக்காதீங்க எண்டு சொன்ன சாமானையே தூக்கச் சொல்றீங்களே மிஸ்ஸி" என்றார். தூக்கத்தான் சொன்னேன், திறக்கச் சொல்லவில்லை என்றேன்.

முதலில் கதவில் மாட்டிய பலகையில் "இருதயப் புனர்வாழ்வு" என்று எழுதியிருந்தது. சண்டை முடிந்த கையோடு அந்தச் சொல்லை ஊரில் எல்லோரும், சரணடைந்த இயக்கப் பிள்ளைகளை வைத்திருந்த முகாம்களுக்குத்தான் கேட்டிருந்தார்கள். ஒரு பெரியவர் வாசலிலேயே நின்று, தான் எந்த இயக்கத்திலும் இருந்ததில்லை என்று என்னிடம் சத்தியம் பண்ணினார். பலகையைக் கழற்றி, "நெஞ்சுக்கு நடைப் பயிற்சி" என்று நானே எழுதி மாட்டினேன். அப்படியும் ஆட்கள் வரவில்லை. பிழை பலகையில் இல்லை என்பது அதோடு தெளிவாகிவிட்டது.

எங்கள் டொக்டர் குருநாகல் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. தமிழை எங்களிடம்தான் படித்தார், அதனால் அவருடைய தமிழில் கற்பிட்டி மீன்காரரும் சிலாபத்து அன்ரிமாரும் கலந்திருந்தார்கள். அவர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். வீட்டில் படுத்தே கிடக்கிற ஆள் பயத்திலேயே பாதி நோயாளியாகிவிடுவார், உடம்பும் தளர்ந்துபோகும், பிறகு இரண்டாம் முறை இங்கே வருவார், இரண்டாம் முறை வருகிற எல்லோரையும் காப்பாற்ற முடியாது. வெறுமையான கதிரைகளைப் பார்த்துக்கொண்டு அவர் அதைச் சொல்லும்போது எனக்குக் கதிரைகளின் மேலேயே ஆத்திரமாக வரும்.

அப்படியிருக்கும்போதுதான் கரைத்தீவு மீன் நானா வந்து சேர்ந்தார். முஸ்லிம் ஆட்களின் பேச்சில் நானா என்றால் அண்ணன். தொண்ணூறாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மன்னார்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம். கரைத்தீவிலேயே வளவு வாங்கி, வீடு கட்டி, பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்து, வெள்ளனே மீன் எடுத்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி வண்ணாத்திவில்லு வரைக்கும் விற்கிற மனிதர். ஒருநாள் அங்கே ஒரு தோட்டத்து வாசலில் மீன் நிறுத்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சை அடைத்தது. வாய்வு என்று நினைத்து ஒரு சோடா வாங்கிக் குடித்திருக்கிறார். பாதிச் சோடாவோடு சரிந்தவரை தோட்டம் செய்கிற கமக்காரர்கள் வெங்காய லொறியில் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்தார்கள். வெங்காய மணத்தோடுதான் எங்களிடம் வந்தார்.

பிழைத்துக்கொண்டார். ஸ்டென்ட் வைத்துத் திரும்பி வந்தபோது முகத்தில் நல்ல களை. நாடி சரி, பிரஷர் சரி, ஈ.சி.ஜி. பார்த்து டொக்டருக்கும் திருப்தி. திருப்தி இல்லாதது அவருடைய மனைவிக்கு மட்டும்தான். அவரை நான் ராத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிட்டேன். ஒல்லியான, சின்ன உருவம். கட்டிலருகே ஒரு கதிரை இருந்தும் அதில் அவர் உட்கார்ந்து நான் கண்டதில்லை. புருஷனுக்கு இரண்டு கையும் நன்றாக வேலை செய்யும்போது சோறு குழைத்து ஊட்டினார். நான் அவரை எழுப்பி உட்கார வைத்தால், நான் அடுத்த கட்டிலுக்குப் போகிற இடைவெளியில் மெல்லத் தோளைப் பிடித்துச் சாய்த்துவிடுவார். திரும்பி வந்து மறுபடியும் எழுப்புவேன். இப்படியே எங்கள் இருவருக்கும் நடுவில் அந்த மனிதர் எழும்புவதும் சாய்வதுமாக இருந்தார்.

வீட்டுக்கு அனுப்புகிற நாளில் துண்டை எழுதிக் கொடுத்து, வழக்கத்தைவிட நீளமாகவே விளங்கப்படுத்தினேன். ராத்தா முழுவதையும் கேட்டுவிட்டுக் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"மிஸ்ஸி, என்ட கூடப் பிறந்த நானாக்கும் இதே வருத்தம்தான். நாங்க முகாம்ல இருந்த காலம். ஆஸ்பத்திரில சுகமாக்கித்தான் அனுப்பினாங்க. வந்த அடுத்த நாள் காலையில தண்ணி அள்ள எழும்பிப் போனாரு. கிணத்தடியிலயே மவுத்தாப்போனாரு. நான்தான் கண்டன். இவர நான் எழும்ப விடமாட்டன். நீங்க கோவிச்சாலும் சரி."

அந்தக் காலத்தில் ஸ்டென்ட்டும் இல்லை, இந்த மருந்தும் இல்லை என்று சொன்னேன். தலையாட்டினார். இரவில் அவருடைய மூச்சைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், கண் மூடினால் ஏதாவது நடந்துவிடும் போல இருக்கிறது என்றார். துண்டு ராத்தாவின் கைப்பைக்குள் போனது. அந்த மனிதர் இனி எழும்புவாரா, கட்டிலிலேயே நோயாளியாகிக் கரைவாரா என்பது அந்தப் பைக்குள் போனது போலத்தான் எனக்குப் பட்டது. எனக்கு ராத்தா மேல் கோபம் வரவில்லை, கவலைதான் வந்தது.

அடுத்த புதன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. போன் எடுத்தால் யாரோ ஒரு மருமகன் எடுத்து, "ஆட்கள் வந்திருக்காங்க மிஸ்ஸி, பொறகு கதைக்கச் சொல்றன்" என்பான். பின்னால் பெரிய சந்தடி கேட்கும். கல்யாண வீட்டுக்குப் போன் எடுத்தது போல இருக்கும். மருந்து எடுக்கவும் மருமகன்தான் கிளினிக் கொப்பியோடு வந்தான். ஆள் எங்கே என்று கேட்டேன். "மாமா படுத்திருக்காரு" என்றான். ஒரு மாதமாகவா படுத்திருக்கிறார் என்று நான் கேட்ட கேள்வி பக்கத்து அறைக்கும் கேட்டிருக்கும்.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் என் வீட்டுக்காரரை மோட்டார் சைக்கிளை எடுக்கச் சொன்னேன். யூனிபோர்ம் இல்லாமல் போவதென்றால் நலம் பார்க்கப் போகிற ஆளாகத்தான் போக வேண்டும், நலம் பார்க்க வெறுங்கையோடு போகவும் ஏலாது. டவுனில் நின்று மாரி பிஸ்கட்டும் ஒரு கிலோ அப்பிளும் வாங்கினோம். நோயாளி வீட்டுக்குப் போய் நாலு வார்த்தை ஏசலாம் என்று புறப்பட்டவள் அப்பிளோடு போனேன்.

வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தே எனக்கு விஷயம் பாதி விளங்கியது. இரண்டு வான்கள் வேலியோரம் நின்றன. முற்றத்தில் வாடகைக் கதிரைகள். முன் அறையில் வெள்ளை விரிப்புப் போட்ட கட்டிலில் நானா கழுத்து வரைக்கும் போர்த்திக்கொண்டு கிடந்தார். பக்கத்து மேசையில் ஹோர்லிக்ஸ் போத்தல்களும் பிஸ்கட் பக்கெற்றுகளும் அடுக்கியிருந்தன, ஒரு சின்னக் கடையே போடலாம். வருகிறவர்கள் சலாம் சொல்லி, கையைத் தொட்டு, துஆ ஓதி, "அசையாதீங்க, சும்மா படுங்க" என்று சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய்த் தேத்தண்ணி குடித்தார்கள். மனிதர் ஆஸ்பத்திரியில் இருந்ததைவிடப் பருத்திருந்தார். என்னைக் கண்டதும் கண்ணாலேயே கிட்டே கூப்பிட்டு, "மிஸ்ஸி, முதுகு அவிஞ்சுபோச்சு" என்றார் இரகசியமாக.

குசினிப் பக்கம் ராத்தாவைப் பிடித்தேன். எனக்கும் ஒரு பெரிய கிண்ணத்தில், கருப்பட்டியும் முட்டையும் போட்டு அவித்த வட்டிலப்பம் வந்தது. வாயில் வட்டிலப்பத்தை வைத்துக்கொண்டு ஏசுவது கஷ்டம். அதோடு, நலம் பார்க்க வந்த ஆள் சத்தம் போடக் கூடாது. எவ்வளவு மெதுவாகக் கதைக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக, ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"எப்படி மிஸ்ஸி வாற? இன்னும் ஆட்கள் பாக்க வந்து முடியல்லயே. உச்சமுனையில இருந்து சம்பந்தி ஆட்கள் நேத்துத்தான் வந்தாங்க. மன்னார்ல இருந்து பெரிய மைனி வரணும். இவர வளத்தது அவங்கதான், உம்மா மாதிரி. வயல் வெட்டு முடியாம வர ஏலாம இருக்காங்க. அவங்க வந்து பாக்க முன்ன இவரு புத்தளத்தில நடந்து திரியிறாரு எண்டு கேள்விப்பட்டா, மனசு என்ன பாடுபடும்? நான் வரும் வரைக்கும் படுத்திருக்க ஏலாதா எண்டு கேட்பாங்க."

மைனி என்றது நானாவின் மூத்த சகோதரியை. சண்டை முடிந்ததும் குடும்பத்தில் பாதிப் பேர் மன்னாருக்குத் திரும்பிவிட்டார்கள், பாதிப் பேர் கரைத்தீவிலேயே நின்றுவிட்டார்கள். அதனால் நலம் பார்க்க வருவதென்றால் வான் பிடித்து, கட்டுச்சோறு கட்டி, ஒரு நாளை முழுதாகச் செலவழித்து வர வேண்டும். அவ்வளவு தூரம் வருகிறவர்களுக்கு, பார்க்க ஒரு நோயாளி கட்டிலில் இருக்க வேண்டாமா? அவர் முற்றத்தில் நின்று வேலி கட்டினால் வந்தவர்களின் முகத்தில் ஈயாடாது.

சிரிக்க வேண்டாம், எங்கள் கடற்கரையிலும் இதே கதைதான். எங்கள் அப்பாவுக்கு நெஞ்சுச் சளி பிடித்துச் சுகமாகியிருந்த நேரம், கோயில் ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும், முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த மனிதரை அம்மா உள்ளே இழுத்துப்போய்ப் படுக்க வைத்தார். அப்பா போர்வைக்குள் வலை ஊசியோடு கிடந்தார். ஃபாதர் தலையில் கை வைத்துச் செபித்துவிட்டுப் போகும் வரைக்கும் முனகவும் செய்தார். எனக்கு அது நினைவு வந்ததும் ராத்தாவோடு சண்டை பிடிக்கிற வேகம் போய்விட்டது.

ஆனால் வேறொன்று தோன்றியது. நான் இவ்வளவு நாளும் துண்டைக் கொடுத்தது நோயாளிக்கு. நோயாளி கையில் ஒன்றுமே இல்லை. வானில் வருகிறவர்கள் கையில்தான் எல்லாம் இருக்கிறது.

"ராத்தா, பெரிய மைனி வாற நாளை ஒரு புதன்கிழமையாப் பாத்துச் சொல்லுங்க. வீட்டுக்கு வராம நேரா ஆஸ்பத்திரிக்கு வரட்டும். இவரையும் அங்க கொண்டு வாங்க. தம்பிய டொக்டரோட வச்சே பாக்கிறது இன்னும் பெரிய மரியாதைதானே?"

ராத்தா யோசித்தார். அவருடைய கணக்கு எனக்கு நன்றாகவே விளங்கியது. மைனி நேரே வந்து டொக்டருக்கு முன்னால் "என்ட தம்பிய நடக்க விடாதீங்க" என்று ஒரு சொல் சொன்னால் என் தொல்லை ஒரேயடியாக ஒழியும். ராத்தா அந்தத் தைரியத்தில் சம்மதித்தார். மைனி என்ன சொல்வார் என்பது எனக்கும் தெரியாது. வட்டிலப்பத்தை முடித்துக்கொண்டு வந்தேன்.

அறுவடை முடிந்த ஒரு புதன்கிழமை வான் வந்தது. ஒன்றில்லை, மன்னார் வானுக்குப் பின்னால் கரைத்தீவு வானும் வந்தது. பெண்கள், ஆண்கள், கைக்குழந்தைகள், தேத்தண்ணிப் பிளாஸ்குகள் எல்லாம் இறங்கின. எங்கள் டொக்டர் விறாந்தையில் நின்று பார்த்துவிட்டு, "மிஸ், இதில் பேஷன்ட் யார்?" என்று கேட்டார். அது வரைக்கும் ஒரு வகுப்புக்கு மூன்று பேர் வந்தாலே அவருக்குப் பெருநாள்.

பேஷன்ட் கடைசியாக வந்தார், சக்கர நாற்காலியில். அதை வாசலில் இருந்து தேடி எடுத்தது ராத்தா. மருமகன் தள்ளினான். பக்கத்தில் பெரிய மைனி ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, விந்தி விந்தி, அந்த வெயிலில் நடந்து வந்தார். கனத்த உருவம், கடும் முகம். வந்ததும் நான் கொடுத்த கதிரையில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி முடிந்ததும் டொக்டரிடம் நேரே கேட்டார்.

"இவன் நடந்தா மவுத்தாகிருவானா?"

டொக்டர் தனக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் கூட்டிச் சொன்னார். "நடக்கலாம் அம்மா. மெதுவா நடக்கலாம். நடக்காமல் இருந்தால்தான் எனக்குப் பயம்."

மைனி தம்பியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சக்கர நாற்காலியைப் பார்த்தார்.

"நான் இந்த முழங்காலோட வாசல்ல இருந்து நடந்து வாறன். இவன் ராசா மாதிரித் தள்ளு வண்டில வாறான். எழும்புடா."

ஒரு மாதத்துக்கு மேலாகக் கிடந்த மனிதர் எழும்பிய வேகத்தில் நான்தான் பயந்துபோய்க் கையைப் பிடித்தேன். நாடியும் பிரஷரும் பார்த்து, மெல்ல, மெல்ல என்று சொல்லிக்கொண்டே விறாந்தையில் நடக்க விட்டோம். வந்தவர்கள் இரண்டு பக்கமும் சுவரோடு ஒட்டி நின்று, மாப்பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். அவருக்குப் பின்னால் ராத்தா இரண்டு கைகளையும் விரித்து நீட்டிக்கொண்டு நடந்தார். விழுந்தால் அந்தச் சின்ன உடம்பு அவரை எப்படித் தாங்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நானா விறாந்தையின் அந்தம் வரைக்கும் போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தார். டொக்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, நல்லது என்றார். மைனி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ். நான் பாத்துட்டன். இனி ஒருத்தரும் இவன் படுத்திருக்கிறதப் பாக்க வரத் தேவையில்ல" என்றார். அங்கிருந்தே மன்னாருக்குப் போன் போனது. நலம் பார்க்கிற காலம் அந்த விறாந்தையில் முடிந்தது.

அதற்குப் பிறகு நானா ஒழுங்காக வந்தார். ராத்தாவும் வந்தார், வேண்டாவெறுப்பாக. மைனியின் சொல்லைத் தட்ட முடியாமல் வந்தாரே தவிர மனம் மாறி வரவில்லை. சுவரோரம் ஆட்கள் உட்கார ஒரு நீள வாங்கு போட்டிருந்தோம். அதன் நுனியில் இருந்துகொண்டு புருஷனை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். அவர் உப்புப் போத்தலைத் தூக்கினால் இவர் பாதி எழும்புவார், இறக்கினால் இருப்பார். புருஷனைவிட அவருக்குத்தான் அதிகப் பயிற்சி என்று கேலி பண்ணினேன். சிரிக்கவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் இருந்தது. இரவில் தூங்குகிறீர்களா என்று கேட்டேன். "எப்படி மிஸ்ஸி?" என்றார்.

வகுப்பில்லாத நாட்களில் வீட்டுப் பக்கம் நடக்கச் சொல்லியிருந்தோம். ஒவ்வொரு வாரமும் கேட்டால் நானா உற்சாகமாக, நாளாந்தம் பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வெளிக்கிடுகிறேன் என்பார். ஆனால் நிறை குறையவில்லை. மெல்லத் துருவினால் உண்மை வந்தது. அவர் பாதையில் இறங்கினதும் ஊரில் ஒருத்தரும் அவரை நடக்க விடுவதில்லை. வருத்தக்கார மனிதர் வெயிலில் நடந்து போகிறாரே என்று முதல் ஆட்டோக்காரன் நிறுத்துவான். அவன் இல்லாவிட்டால் மோட்டார் சைக்கிள், அதுவும் இல்லாவிட்டால் வயலுக்குப் போகிற லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின். ஏற மாட்டேன் என்று சொன்னால் மரியாதைக் குறைவு. ஏறிப் போய்ச் சந்தியில் இறங்கி, அவனோடு ஒரு சீனித் தேத்தண்ணியும் ரோல்சும் சாப்பிட்டு, இன்னொருவனோடு ஏறித் திரும்பி வருவார். இதைத்தான் நடை என்று சொல்லியிருக்கிறார்.

நான் வாய் திறக்க முன்னமே ராத்தா திறந்துவிட்டார். சீனித் தேத்தண்ணி, ரோல்ஸ் எதுவும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த வாங்கிலிருந்தே புருஷனை அவர் ஏசியதைக் கேட்டு எனக்குப் பொறாமையாக இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து அவரும் பின்னால் நடந்தார். ஆட்டோ நின்றால் முன்னுக்குப் போய், "இவரு நடக்கணும், டொக்டர் சொன்ன. நீங்க போங்க" என்று விரட்டினார். நிறுத்தாமல் போனவனையும் விரட்டினார் என்று நானா சொன்னார். எழும்ப விடமாட்டேன் என்று சொன்ன வாயால் நடக்கச் சொல்லி ஊரோடு மல்லுக்கு நிற்கிறார் என்பது ராத்தாவுக்கே உறைக்கவில்லை. நானும் அதைச் சொல்லிக் கெடுக்கவில்லை.

துண்டு கொடுக்கிற முறையையும் மாற்றிவிட்டேன். வீட்டுக்குப் போகிற ஆளிடம் "வகுப்புக்கு வருவீங்களா" என்று கேட்பதை விட்டேன். "உங்களைப் பார்க்க இன்னும் யார் வரவேண்டியிருக்கு?" என்று கேட்பேன். கட்டைக்காட்டிலிருந்து மாமா, நீர்கொழும்பிலிருந்து தங்கச்சி என்று சொல்வார்கள். சரி, அவர்களையும் புதன்கிழமை இங்கேயே வரச் சொல்லுங்கள் என்பேன். வந்தார்கள். பிஸ்கட்டோடு வந்தார்கள், பிஸ்கட்டை நாங்கள் வாசலில் வாங்கி வைத்துக்கொண்டோம். சில நாட்களில் நோயாளரைவிட நலம் பார்ப்பவர்கள் கூடிப்போய் விறாந்தையில் கால் வைக்க இடமிருக்காது. சும்மா இருக்கிறவர்களுக்கும் பிரஷர் பார்ப்போம் என்று டொக்டர் தொடங்கினார். பார்த்தால், சிரித்துக்கொண்டு பிளாஸ்கோடு நின்ற ஒரு மச்சானுக்குப் பிரஷர் எங்கேயோ ஏறி நின்றது. அவரையும் கிளினிக்கில் பதிந்தோம். எனக்கு அந்த நாட்களில் கோபப்படக் காரணம் தேட வேண்டியிருந்தது. சந்தோஷமாக இருந்தேன், வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை.

வாங்கில் ராத்தாவுக்குப் பக்கத்தில் சிலாபத்துப் பக்கத்து மனுஷி ஒருவர் இருப்பார். அவருடைய வீட்டுக்காரரும் கடல் தொழிலாளி, அவருக்கும் அதே வருத்தம். பாதி சிங்களம் பாதி தமிழாகக் கதைப்பார், ஓயாமல் கதைப்பார். கருவாட்டு விலையில் தொடங்கி மருமகள் வரைக்கும் போவார். ராத்தா ஒரு காதை மட்டும் அவருக்குக் கொடுத்துவிட்டுக் கண்ணைப் புருஷன் மேல் வைத்திருப்பார்.

நானாவுக்குப் படி ஏறும் பயிற்சி கொடுத்த அன்று அந்த மனுஷியின் சத்தத்தைக் காணவில்லை. படி என்றால் ராத்தா எழும்பி ஓடி வருவார் என்று நான் தயாராகத்தான் நின்றேன். நானா கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறினார், இறங்கினார், மறுபடியும் ஏறினார். ஒருவரும் ஓடி வரவில்லை. கடைசிப் படியில் இருந்து இறங்கினதும் அவரே வாங்கைப் பார்த்தார், நானும் பார்த்தேன்.

ராத்தா சிலாபத்து மனுஷியின் தோளில் தலையைச் சாய்த்து, வாயைச் சற்றுத் திறந்து, நல்ல நித்திரை. முக்காடு ஒரு பக்கமாக விலகியிருந்தது. அந்த வாயாடி மனுஷி மூச்சுக்கூடப் பெரிதாக விடாமல், விரலை உதட்டில் வைத்து எங்களைப் பார்த்தார்.

வகுப்பு முடிகிற நேரம். நாடி பார்க்க நானாவைக் கூப்பிட்டேன். அவர் மனைவியைப் பார்த்தபடியே நின்றார்.

"எழுப்பாதீங்க மிஸ்ஸி" என்றார் மெதுவாக. "நான் இன்னொருக்கா நடந்துட்டு வாறன்."